மய்யித்து வீட்டில் கைநாட்டு!



ஒரு வீட்டில் மவுத் என்றால் நாம் என்ன செய்கிறோம்? குளிப்பாட்ட ஆள் வருகிறது. கபன் துணி வருகிறது. பள்ளிவாசலிலிருந்து சந்தூக் வருகிறது. அக்கம்பக்கத்தார் சோறு ஆக்கிக் கொண்டு வந்து கொடுக்கிறார்கள். மூன்று நாள் வரை தெருவே அந்த வீட்டுக்குள் நிற்கிறது. அல்ஹம்துலில்லாஹ்! இந்த விஷயத்தில் நம் மஹல்லாக்களைக் குறை சொல்ல முடியாது.

ஆனால் இறந்தவர் வேலை செய்யும்போது விபத்தில் இறந்த தொழிலாளியாக இருந்தால், தெரு கலைந்த பிறகு அந்த வீட்டுக்கு இரண்டு பேர் வருகிறார்கள். ஒருவர் முதலாளியின் ஆள். கையில் கொஞ்சம் ரொக்கமும் ஒரு பத்திரத் தாளும் இருக்கும். இன்னொருவர் இன்சூரன்ஸ் கம்பெனி அனுப்பிய விசாரணையாளர். கையில் ஒரு வெள்ளைத் தாள் இருக்கும். இருவருக்கும் வேண்டியது ஒன்றுதான். இத்தாவில் உட்கார்ந்திருக்கும் அந்தப் பெண்ணின் கையெழுத்து! எழுதத் தெரியாவிட்டால் கைநாட்டு!

இந்த இரண்டு தாள்களும் எப்படி ஒரு குடும்பத்தின் வயிற்றில் அடிக்கின்றன, அதற்கு நம் வியாபாரிகளே எப்படித் துணை போகிறார்கள் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. கசப்பாக இருக்கும். பொறுத்துக்கொண்டு கடைசி வரை படியுங்கள்.

நடந்தது என்ன?

2021-ஆம் ஆண்டு. மதுரையில் நம் சமுதாயத்து வியாபாரி ஒருவர். பெயர் வேண்டாம். சரக்குக் கிடங்கும் ஒரு சரக்கு வேனும் வைத்திருப்பவர். அவரிடம் சுமை ஏற்றி இறக்கும் வேலை பார்த்த 34 வயது இளைஞர், திருமங்கலம் பக்கம் அரிசி மூட்டை இறக்கப் போகும் வழியில் வேன் கவிழ்ந்து மவுத்தாகி விட்டார். மனைவி, இரண்டு குழந்தைகள், விதவைத் தாய். நாளொன்றுக்கு 600 ரூபாய் கூலியில் ஓடிய குடும்பம்.

வியாபாரி கெட்டவர் அல்ல. ஜனாஸாவில் முன் வரிசையில் நின்று அழுதார். ஆனால் அவருக்குப் பயம் வந்துவிட்டது. 'கோர்ட்டு, கேஸு என்று போனால் கடையே போய்விடும்' என்று யாரோ காதில் ஓதினார்கள். பத்தாம் நாள் 75 ஆயிரம் ரூபாயைக் கொடுத்தனுப்பி, 'இனி எந்தப் பாத்தியதையும் கோர மாட்டோம்' என்று எழுதிய பத்திரத்தில் அந்தப் பெண்ணின் கையெழுத்தை வாங்கினார். பிறகு இன்சூரன்ஸ் கம்பெனியின் விசாரணையாளர் வந்து கேட்டபோது, 'அவர் என்னிடம் வேலை பார்க்கவில்லை. தெரிந்தவர் என்பதால் வண்டியில் ஏறிக்கொண்டார்' என்று சொல்லிவிட்டார்.

தன்னைக் காப்பாற்றிக்கொள்ளச் சொன்ன பொய் இது. ஆனால் அது காப்பாற்றியது யாரை? இன்சூரன்ஸ் கம்பெனியை!

காரணம், அந்த வேனுக்கு பாலிசி இருந்தது. சரக்கு வண்டியில் வேலையாக ஏறிச் செல்லும் தொழிலாளி இறந்தால், தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டப்படியான தொகைக்கு வாகன பாலிசியே பொறுப்பேற்க வேண்டும் என்று 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் சொல்கிறது. ஓசியில் ஏறிய பயணி என்றால் கம்பெனிக்குப் பொறுப்பில்லை என்று 2002 டிசம்பரில் ஆஷா ராணி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆக, 'வேலைக்காரர்' என்றால் கம்பெனி கொடுக்க வேண்டும். 'தெரிந்தவர்' என்றால் ஒரு பைசா கொடுக்க வேண்டியதில்லை. வருடா வருடம் பிரீமியம் கட்டியவரே, கம்பெனிக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டார்!

அந்தக் குடும்பத்துக்குச் சட்டப்படி வரவேண்டியது எவ்வளவு தெரியுமா? இறந்தவரின் மாதச் சம்பளத்தில் பாதியை எடுத்து, அவர் வயதுக்குச் சட்டத்தின் அட்டவணையில் உள்ள எண்ணால் பெருக்க வேண்டும். 2020 ஜனவரியில் வந்த அறிவிப்புப்படி கணக்குக்கு எடுத்துக்கொள்ளும் மாதச் சம்பளத்தின் உச்சவரம்பு 15,000 ரூபாய். அதில் பாதி 7,500. வயது 34-க்கு உரிய எண் 199.40. பெருக்கிப் பாருங்கள். 14 லட்சத்து 95 ஆயிரத்து 500 ரூபாய்!

75 ஆயிரம் எங்கே? பதினைந்து லட்சம் எங்கே?

அந்தப் பத்திரம் செல்லாது!

வியாபாரிகளே, இதைக் கல்வெட்டாக மனதில் பதித்துக்கொள்ளுங்கள். மவுத்தான தொழிலாளிக்குரிய இழப்பீட்டை முதலாளி நேரடியாகக் குடும்பத்தின் கையில் கொடுத்தால், அது இழப்பீடு கொடுத்ததாகவே கணக்காகாது. 1923-ஆம் ஆண்டின் சட்டத்திலேயே உள்ளது இது. தொகையைத் தொழிலாளர் இழப்பீட்டு ஆணையரிடம்தான் கட்ட வேண்டும். அவர் விசாரித்து, இறந்தவரை நம்பி வாழ்ந்தவர்களுக்குப் பிரித்துக் கொடுப்பார். குடும்பத்தின் அவசரத்துக்காக மூன்று மாதச் சம்பளம் வரை முன்பணமாகக் கொடுக்கலாம். அதை மட்டுமே கழித்துக்கொள்ள முடியும். 'இனி எதுவும் கேட்க மாட்டோம்' என்று எழுதி வாங்குவதும் செல்லாது. உரிமையை விட்டுக்கொடுக்கும் எந்த ஒப்பந்தமும் செல்லாது என்று அதே சட்டம் சொல்கிறது.

ஏன் இப்படி ஒரு ஏற்பாடு? துக்கத்தில் இருப்பவரிடம் எதையும் எழுதி வாங்கிவிடலாம் என்பது சட்டம் எழுதியவர்களுக்குத் தெரிந்திருந்தது. வெள்ளைக்காரன் காலத்தில், 1924 ஜூலை 1-ஆம் தேதி நடைமுறைக்கு வந்த சட்டம் அது. நூறு ஆண்டுகளுக்கு முன் ஆங்கிலேயனுக்குத் தோன்றிய இரக்கம், ஐவேளை தொழுகிற நமக்குத் தோன்ற வேண்டாமா?

2025 நவம்பர் 21 முதல் அந்தச் சட்டத்தின் இடத்தில் 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்திருக்கிறது. ஆணையருக்குப் பதில் 'தகுதியுள்ள அதிகாரி' என்று பெயர் மாறியிருக்கிறது. ஆனால் அடித்தளம் மாறவில்லை. இறப்புத் தொகையை அதிகாரியிடம் கட்ட வேண்டும் என்பதும், பாதிச் சம்பளத்தை வயது எண்ணால் பெருக்கும் கணக்கும் அப்படியே தொடர்கின்றன. அந்தத் தேதிக்கு முன் நடந்த விபத்துகளுக்குப் பழைய சட்டமே பேசும்.

கம்பெனிகளின் நான்கு ஆயுதங்கள்

இனி இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்கு வருவோம். பிரீமியம் வாங்கும்போது ஏஜெண்ட் வீடு தேடி வருகிறார். டீ குடிக்கிறார். 'ஒன்று ஆகிவிட்டால் கம்பெனி பார்த்துக்கொள்ளும்' என்கிறார். ஒன்று ஆகிவிட்டால்? அப்போது வருகிறவர் வேறு ஆள். அவர் கையில் இருப்பவை இவை.

முதல் ஆயுதம்: 'அவர் வேலைக்காரரே அல்ல.' வருகைப் பதிவேடு எங்கே? சம்பளச் சீட்டு எங்கே? வங்கியில் சம்பளம் போட்டீர்களா? கீழமாசி வீதியிலும் நெல்பேட்டையிலும் சுமை தூக்குகிற எத்தனை பேருக்குச் சம்பளச் சீட்டு இருக்கிறது? இல்லாத ஒன்றைக் கேட்டுவிட்டு, 'நிரூபிக்கப்படவில்லை' என்று எதிருரை தாக்கல் செய்கிறார்கள்.

இரண்டாம் ஆயுதம்: 'வேலையால் சாகவில்லை.' மாரடைப்பு என்று மருத்துவமனைத் தாளில் இருந்தால் போதும். 'அது இயற்கை மரணம்' என்பார்கள். தொடர்ந்து லாரி ஓட்டிக் களைத்து, வழியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தவனின் சாவும் இயற்கை மரணமா? ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் லாரி ஓட்டி வந்து வழியில் இறந்த ஓட்டுநரின் குடும்பத்துக்கு இழப்பீடு உண்டு என்று 2012-இல் உச்ச நீதிமன்றம் பரம்பால் சிங் வழக்கில் சொன்னது. எதிர்த்து நின்றது நேஷனல் இன்சூரன்ஸ் கம்பெனி. வேலைப் பளுவே மரணத்தை விரைவுபடுத்தியது என்பதற்கு ஆதாரம் காட்டினால் போதும். ஆனால் அந்த ஆதாரத்தை யார் திரட்டுவது? 1961-இல் 'துவாரகா' கப்பலிலிருந்து காணாமல் போன ஒரு முஸ்லிம் கப்பல் தொழிலாளியின் தந்தை தொடுத்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. எப்படி இறந்தார் என்பதற்கு ஆதாரம் இல்லை என்று 1969-இல் அவர் வழக்குத் தோற்றது. கப்பலில் நடந்ததற்கு ஊரில் இருக்கிற தகப்பன் சாட்சி கொண்டு வர வேண்டுமாம்! ஆதாரம் முதல் வாரத்திலேயே சேகரிக்கப்பட வேண்டும் என்பதற்கு இதைவிடப் பெரிய பாடம் இல்லை.

'குடித்திருந்தார்', 'சொன்ன பாதுகாப்பு முறையைக் கேட்கவில்லை' என்றும் கிளப்பிவிடுவார்கள். மவுத்தானவர் மீது பழி போட்டால் குடும்பம் வெட்கி ஒதுங்கிவிடும் என்ற கணக்கு! விபத்தில் மரணம் நேர்ந்தால் இந்தச் சாக்குகள் எடுபடாது. மரணமோ நிரந்தர முழு ஊனமோ ஏற்படாத காயத்துக்கு மட்டும்தான் அந்த எதிர்வாதம் உண்டு. இது விசாரணையாளருக்குத் தெரியும். நம் பெண்களுக்குத் தெரியாது.

மூன்றாம் ஆயுதம்: பாலிசியின் பொடி எழுத்து. ஆறு பேர் வேலை பார்க்கும் கிடங்குக்கு இரண்டு பேர் என்று எழுதிக் கொடுத்திருப்பார் வியாபாரி. 15 ஆயிரம் சம்பளத்தை 6 ஆயிரம் என்று காட்டியிருப்பார். பிரீமியத்தில் சில நூறு ரூபாய் மிச்சம்! ஏஜெண்டும் கண்டுகொள்ளவில்லை, அவருக்கு பாலிசி விற்றால் சரி. மவுத் நடந்த பிறகுதான் கம்பெனிக்குக் கண் தெரிகிறது. 'நீங்கள் அறிவித்தது இவ்வளவுதான்' என்கிறது. ஓட்டுநர் உரிமத்திலும் இதே கதை. இலகு ரக வாகன உரிமம் வைத்திருப்பவர் 7,500 கிலோ எடைக்கு உட்பட்ட சரக்கு வண்டியை ஓட்டலாம் என்று 2017-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கம்பெனிகள் விட்டனவா? மீண்டும் மீண்டும் கிளறின. 2024 நவம்பரில் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு அதையே உறுதி செய்த பிறகுதான் ஓய்ந்தது.

நான்காம் ஆயுதம் எல்லாவற்றையும்விடக் கொடியது: காலம்!

இழுத்தடிப்பில் யாருக்கு லாபம்?

தொகை விபத்து நடந்த அன்றே கடனாகிவிடுகிறது. ஒரு மாதத்துக்குள் கட்டாவிட்டால் ஆண்டுக்கு 12 விழுக்காடு வட்டி என்றும், தக்க காரணமில்லாத தாமதத்துக்கு 50 விழுக்காடு வரை அபராதம் என்றும் பழைய சட்டம் சொன்னது. 1975-இல் பிரதாப் நாராயண் சிங் தேவ் வழக்கில் நான்கு நீதிபதிகள் கொண்ட உச்ச நீதிமன்ற அமர்வு, விபத்து நாளிலேயே பொறுப்பு பிறக்கிறது என்று தெளிவாகச் சொல்லிவிட்டது.

வட்டியை நாம் மார்க்கத்தில் வெறுக்கிறோம். அது வேறு விஷயம். தாமதிக்கிறவனுக்குச் சட்டம் போட்ட கடிவாளம் அது என்பதை மட்டும் இங்கே பாருங்கள். கம்பெனிகள் அந்தக் கடிவாளத்தை எப்படிக் கழற்றப் பார்த்தன என்பதையும் பாருங்கள்.

தொகையைக் கணக்கிட எந்த நாள்? விபத்து நடந்த நாள். அன்று இருந்த குறைந்த உச்சவரம்புதான் பொருந்தும் என்று கம்பெனிகள் வாதாடும். சரி, வட்டியைக் கணக்கிட எந்த நாள்? அப்போது மட்டும் 'தீர்ப்பு வந்த நாளிலிருந்துதான்' என்று வாதாடின! ஒரே சட்டம், ஒரே மவுத். குறைப்பதற்கு ஒரு தேதி; கொடுப்பதற்கு வேறு தேதி. 2007-இல் ஒரு தீர்ப்பு அந்த வாதத்துக்கு இடம் கொடுத்துவிட்டது. 2012-இல் ஓரியண்டல் இன்சூரன்ஸ் கம்பெனியே தொடுத்த சிபி ஜார்ஜ் வழக்கில்தான், 1975 தீர்ப்பே சரி, விபத்து நாளிலிருந்தே கணக்கு என்று உச்ச நீதிமன்றம் முடித்து வைத்தது.

இன்னொரு சூழ்ச்சியும் உண்டு. வாகன பாலிசியில் தொகையையும் வட்டியையும் கம்பெனி கொடுக்க வேண்டும், அபராதம் மட்டும் முதலாளியின் தலையில் என்று 1997-இல் வேத் பிரகாஷ் கர்க் வழக்கில் தீர்ப்பு வந்தது. ஆனால் கிடங்குக்கும் பட்டறைக்கும் எடுக்கிற தனி பாலிசியில், 'வட்டிக்கு நாங்கள் பொறுப்பல்ல' என்று கம்பெனி நிபந்தனை போட்டுக்கொள்ளலாம் என்று 2006-இல் நியூ இந்தியா அஷ்யூரன்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. இதன் பொருள் புரிகிறதா வியாபாரிகளே? கம்பெனி வழக்கை இழுக்கும். இழுத்ததற்கான வட்டி உங்கள் கல்லாவிலிருந்து போகும்! நம் திருமங்கலம் சம்பவத்தின் தொகைக்கு 12 விழுக்காடு என்றால் மாதத்துக்கு 14,955 ரூபாய். மவுத்தான மனிதனின் மாதச் சம்பளம் அளவுக்கு!

ஒரு வழக்கு எவ்வளவு நாள் இழுக்கும்? மகாராஷ்டிரத்தில் சர்க்கரை ஆலைக் காவலாளி ஒருவர் அதிகாலை 3 மணி வேலைக்கு மோட்டார் சைக்கிளில் போகும்போது, ஆலையிலிருந்து ஐந்து கிலோமீட்டர் தொலைவில் விபத்தில் இறந்தார். 2003 ஏப்ரல் மாதம். மனைவி, நான்கு பிள்ளைகள், தாய். 2009-இல் ஆணையர் 3 லட்சத்து 26 ஆயிரத்து 140 ரூபாய் கொடுக்க உத்தரவிட்டார். இன்சூரன்ஸ் கம்பெனி மேல்முறையீடு போனது. வேலை இடத்தில் நடக்கவில்லை என்று சொல்லி 2011-இல் பம்பாய் உயர் நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. குடும்பம் உச்ச நீதிமன்றம் போனது. 2025 ஜூலை 29-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் ஆணையரின் உத்தரவை மீட்டுக் கொடுத்தது. வேலைக்குப் போகும் வழியில் நடந்த விபத்தும், நேரம், இடம், வேலை ஆகியவற்றோடு தொடர்பு இருந்தால் வேலை விபத்தே என்று சொன்னது. நல்ல தீர்ப்பு. ஆனால் 22 ஆண்டுகள்! தகப்பனை இழந்தபோது மடியில் இருந்த பிள்ளைக்கு நிக்காஹ் ஆகியிருக்கும் வயது!

2009-இல் வந்த திருத்தம், ஆணையர் மூன்று மாதத்தில் வழக்கை முடிக்க வேண்டும் என்றது. ஆணையரின் உத்தரவை எதிர்த்து உயர் நீதிமன்றம் போக வேண்டுமானால், முக்கியமான சட்டக் கேள்வி இருக்க வேண்டும் என்பதும் சட்டம். உண்மைகளைப் பொறுத்தவரை ஆணையர் சொல்வதே கடைசி வார்த்தை என்று 2016-இல் கொல்லா ராஜண்ணா வழக்கில் உச்ச நீதிமன்றம் அழுத்திச் சொன்னது. ஆனாலும் மேல்முறையீடுகள் நிற்கவில்லை. 2004-இல் மதுரைக்கு உயர் நீதிமன்றக் கிளை வந்தது. ஏழைக்கு நீதி பக்கத்தில் வந்தது என்று மகிழ்ந்தோம். கம்பெனிகளுக்கும் பக்கத்தில் வந்துவிட்டது!

நான் சொன்ன அந்தக் குடும்பம் என்ன ஆயிற்று? கிடங்கின் எடைச்சீட்டுகளில் அந்த இளைஞர் போட்ட கையெழுத்துகளைத் தேடி எடுத்தோம். உடன் சுமை தூக்கிய இரண்டு பேர் துணிந்து சாட்சி சொன்னார்கள். கடைசியில் வியாபாரியும் மனம் மாறி உண்மையைச் சொன்னார். 2024-இல் உத்தரவு வந்தது. கம்பெனி மேல்முறையீடு செய்துவிட்டது. பணம் கட்டப்பட்டிருக்கிறது. குடும்பத்தின் கைக்கு வரவில்லை. அந்தப் பெண் இன்றும் நான்கு வீட்டில் பாத்திரம் கழுவுகிறார்.

'போலி வழக்குகள் வருகின்றனவே?'

கம்பெனிக்காரர்கள் இப்படிக் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். போலி வழக்குகள் உண்டு. விபத்தே இல்லாமல் விபத்தை உருவாக்குகிறவர்கள் உண்டு. அவர்களைப் பிடித்து உள்ளே போடட்டும். நாம் குறுக்கே நிற்கவில்லை. ஆனால் முதல் தகவல் அறிக்கையும் பிரேதப் பரிசோதனை அறிக்கையும் இருக்கிற மவுத்தில், கம்பெனியே ஒப்புக்கொள்கிற தொகையையாவது முதலில் கட்டலாமே? தொகையில் தகராறு இருந்தாலும், தான் ஏற்றுக்கொள்ளும் அளவுக்கு முதலாளி உடனே கட்ட வேண்டும் என்று சட்டத்திலேயே இருக்கிறது. நான் போய் நின்ற எந்த வழக்கிலும் அது நடந்து பார்த்ததில்லை. பத்துப் போலிகளைக் காட்டி நூறு விதவைகளை வாசலில் நிறுத்துவதற்குப் பெயர் எச்சரிக்கை அல்ல, அநியாயம்!

இந்தக் கம்பெனிகளில் நான்கு அரசுக்குச் சொந்தமானவை என்பதை மறக்க வேண்டாம். 1972-இல் பொது இன்சூரன்ஸ் தொழிலை அரசுடைமை ஆக்கியபோது மக்களின் பெயரால்தான் செய்தார்கள். மக்களின் பணத்தில் வழக்கறிஞர் வைத்து மக்களையே அலைக்கழிப்பதை எந்த அரசு தட்டிக் கேட்டது?

இனி நாம் செய்ய வேண்டியது

வியாபாரிகளே! கம்பெனியைத் திட்டுவதற்கு முன் நம் கல்லாவைப் பார்ப்போம். நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்குங்கள். யார் வேலைக்கு வந்தார், என்ன கூலி என்று தினமும் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். அந்த நோட்டு உங்களுக்கும் கவசம், தொழிலாளிக்கும் கவசம். பத்துப் பேரோ அதற்கு மேலோ வைத்திருந்தால் ஈ.எஸ்.ஐ. உங்களுக்குப் பொருந்துமா என்று விசாரியுங்கள். பொருந்தும் இடத்தில் இறந்தவரின் குடும்பத்துக்கு மாதா மாதம் உதவித்தொகை அங்கிருந்தே வரும். இந்த அலைச்சல் இல்லை. மற்றவர்கள் பாலிசி எடுக்கும்போது உண்மையான ஆள் கணக்கையும் உண்மையான சம்பளத்தையும் எழுதுங்கள். கான்ட்ராக்டர் மூலம் வருகிற ஆட்களுக்கும் நீங்களே பொறுப்பு, அவர்களையும் சேருங்கள். 'வட்டிக்கும் பொறுப்பேற்கிறீர்களா?' என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். மவுத் நடந்துவிட்டால் பொய் சொல்லாதீர்கள். பொய் அந்தக் குடும்பத்தையும் கெடுக்கும், உங்களையும் கெடுக்கும். கம்பெனிக்கு உடனே எழுத்தில் தெரிவியுங்கள். தொழிலாளியின் கூலி மட்டுமல்ல, அவன் உயிருக்கான ஈடும் உங்களிடம் உள்ள அமானிதம்.

ஜமாஅத் நிர்வாகிகளே! 'இவர்தான் மனைவி என்பதற்கு ஆதாரம் என்ன?' என்று கம்பெனி கேட்கும். உங்கள் நிக்காஹ் பதிவேடு ஒழுங்காக இருந்தால் அந்தக் கேள்வி அங்கேயே முடிந்துவிடும். பத்து நிமிடத்தில் எழுதிக் கொடுக்கக்கூடிய நகலுக்காக இத்தாவில் உள்ள பெண்ணின் தம்பியைப் பத்து நாள் அலைய விடாதீர்கள். இன்னொன்று: இந்தத் தொகை, இறந்தவர் விட்டுச் சென்ற சொத்தைப் பங்கு வைப்பது அல்ல. அவரை நம்பி வாழ்ந்த மனைவி, சிறு பிள்ளைகள், மணமாகாத பெண் மக்கள், விதவைத் தாய் போன்றோருக்கு அதிகாரி பிரித்துக் கொடுப்பது. இதில் கை நீட்டி வருகிற வசதியான உறவினர்களை நீங்களே தடுத்து நிறுத்துங்கள்.

இளைஞர்களே! உங்களுக்குத்தான் பெரிய வேலை. சந்தூக்கைத் தோளில் சுமப்பதோடு நம் கடமை முடியவில்லை. மவுத் நடந்த முதல் வாரத்திலேயே முதல் தகவல் அறிக்கை, பிரேதப் பரிசோதனை அறிக்கை, வயதுச் சான்று, கூலி கொடுத்ததற்கான ஏதேனும் ஒரு தாள் ஆகியவற்றை எடுத்து வையுங்கள். உடன் வேலை பார்த்தவர்களின் பெயர்களை எழுதி வையுங்கள். மவுத் பற்றி எந்த வழியில் தகவல் வந்தாலும் முதலாளியிடம் விளக்கம் கேட்கும் அதிகாரம் சட்டப்படி உண்டு. எனவே ஒரு கடிதத்தை நீங்களே தொழிலாளர் துறை அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பலாம். மனுப் போட இரண்டு ஆண்டு அவகாசம் இருக்கிறது. இத்தா முடியும் வரை அந்தப் பெண்ணை யாரும் எந்த அலுவலகத்துக்கும் இழுக்க வேண்டியதில்லை. எந்தத் தாளிலும் கையெழுத்துப் போட வைக்கவும் கூடாது. வாகன விபத்து என்றால் மோட்டார் விபத்துத் தீர்ப்பாயத்துக்கும் போகலாம். இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். எது நல்லது என்று கேட்டுவிட்டு மனுப் போடுங்கள். வழக்கறிஞருக்குப் பணமில்லையா? பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் கதவைத் தட்டுங்கள்.

இது முஸ்லிம் குடும்பங்களுக்கு மட்டும் சொல்வதல்ல. நம் கிடங்குகளில் மூட்டை சுமக்கிறவர்கள் எல்லாச் சமுதாயத்திலும் இருக்கிறார்கள். மேலூர்க்காரர், உசிலம்பட்டிக்காரர், பீகார்க்காரர் யாராக இருந்தாலும், நம் கடையில் வேலை பார்த்து மவுத்தானால் அந்தக் கணக்கு நம் மீதுதான்.

அடுத்த மவுத் எந்தத் தெருவில் என்று நமக்குத் தெரியாது. ஆனால் பத்தாம் நாள் அந்த வீட்டுக்கு யார் வருவார்கள் என்று தெரியும். பத்திரத் தாளோடு அவர்கள் வரும்போது, அந்த வாசலில் நம் இளைஞர்கள் இரண்டு பேர் உட்கார்ந்திருக்கட்டும். 'தாளை இங்கே கொடுங்கள். முதலில் நாங்கள் படிக்கிறோம்' என்று சொல்லட்டும்!